மேமோகிராம் பேக்கேஜ்: மெஷினைக் குறை சொல்ல மாட்டேன், ரிப்போர்ட்தான்...

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் வந்தால் எங்கள் ஊர் ஸ்கேன் சென்டர்களுக்கெல்லாம் பிங்க் கலர் பிடித்துவிடும். வாசலில் பிங்க் பலூன், பிங்க் ரிப்பன், "மேமோகிராம் 2,200 ரூபாய், கூட வருபவருக்குப் பாதி விலை" என்று ஒரு தட்டி. ஆடித் தள்ளுபடிக்குப் புடவை எடுக்கக் கிளம்புகிற மாதிரிதான் நானும் என் மாமியாரும் கிளம்பினோம். அத்தைக்கு 61, எனக்கு 44. இரண்டு பேருக்கும் வலி, கட்டி என்று எதுவும் இல்லை, மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதுதானே மேமோகிராம், சும்மா பார்த்துவிடலாம் என்றுதான். சென்டர் பெயரைப் போடப் போவதில்லை. விசாரித்த வரைக்கும் மற்ற இடங்களிலும் கதை இப்படித்தான் இருக்கிறது.

ஹாலில் ஆணும் பெண்ணுமாக முப்பது பேர் இருந்தார்கள். கவுன்டரில் இருந்த பையன் "மேமோ யாரு? மேமோ!" என்று பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றுகிற மாதிரி கூவினான். அத்தை தலையைக் குனிந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. கையில் டோக்கன் கொடுத்திருக்கிறாயேப்பா, அந்த நம்பரைக் கூப்பிட்டால் போதாதா? போதாக்குறைக்கு, "மேமோ வலிக்கும் மேடம், வலியே இல்லாத தெர்மல் ஸ்கேன் இருக்கு" என்று உடம்புச் சூட்டைப் படமெடுக்கும் இன்னொன்றை விற்கப் பார்த்தான். மேமோகிராமுக்குப் பதிலாக அதை நம்ப முடியாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எத்தனையோ முறை சொல்லியாயிற்று. வேண்டாம் என்றுவிட்டேன்.

உள்ளே போனால் வேறு உலகம். டெக்னீஷியன் ஒரு அக்கா, அவருக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து. முதல் கேள்வியே "பவுடர் போட்டிருக்கீங்களா?" கழுத்திலும் அக்குளிலும் பவுடர் போடாமல் நம் ஊரில் யார் வெளியே கிளம்புகிறார்கள்! ஈரப் பஞ்சு கொடுத்துத் துடைக்கச் சொன்னார். பவுடர், டியோடரன்ட் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போல விழுமாம், ஆரம்ப நிலைப் புற்றும் சில சமயம் அப்படிப்பட்ட பொடிப் புள்ளிகளாகத்தான் தெரியும் என்பதால் படம் பார்ப்பவருக்குக் குழப்பம். போனில் புக் பண்ணும்போதே இதைச் சொல்லியிருக்கலாம். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் வந்தால் வலி குறைவு என்பதையும் சொல்லியிருக்கலாம். நான் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போய் நன்றாக அனுபவித்தேன்.

அடுத்தது தாலி. கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்றதும் அத்தை "அப்படின்னா எனக்கு இந்த டெஸ்டே வேணாம்" என்று ஜாக்கெட்டை மாட்டப் போய்விட்டார். அந்த அக்கா வாதாடவில்லை. "கழட்டவே வேணாம்மா, திரும்புங்க" என்று சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளி, ஒரு துண்டு பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டார். முடிந்தது பிரச்சினை.

வலிக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வலிக்கும், பொய் சொல்லக் கூடாது. இரண்டு தட்டுக்கு நடுவில் சப்பாத்தி மாவு மாதிரி அழுத்துகிறார்கள், ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம், ஆக நான்கு. ஒரு அழுத்தம் சில நொடிதான், "மூச்சை நிறுத்துங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் தட்டு விலகிவிடும்.

எனக்கு முன்னால் ஒரு பெண், 25, 26 வயது இருக்கும், கட்டி தட்டுப்படுகிறது என்று வந்தது. கவுன்டரில் அதற்கும் பேக்கேஜ் பில்லைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அக்காதான் "உன் வயசுக்கு முதல்ல அல்ட்ராசவுண்ட் பாக்கணும்மா, பில்லை மாத்திட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். சின்ன வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும், படத்தில் வெள்ளையாக விழும், கட்டியும் வெள்ளைதான், எங்கே போய்த் தேடுவது?

அந்த அடர்த்தி எனக்கும் இருக்கிறது என்று தெரிந்தது அன்றைக்கு ராத்திரி 9.40க்கு, வாட்ஸப்பில் வந்த பிடிஎஃப் மூலமாக. ஒரு போன் கிடையாது, ஒரு விளக்கம் கிடையாது. படத்தைப் பார்த்து 0 முதல் 6 வரை போடும் நம்பருக்குத்தான் பைராட்ஸ் என்று பெயர். அத்தைக்கு பைராட்ஸ் 2, எனக்கு பைராட்ஸ் 0. என் வீட்டுக்காரர் "ஜீரோன்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்" என்றார். இல்லை. 1, 2 என்றால் கவலை இல்லை, 3 என்றால் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும், 4, 5 என்றால் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும், 6 ஏற்கெனவே உறுதியான புற்று. 0 என்றால் இந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். இதைத் தேடிப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் மணி இரண்டு. காலையில் போய் இன்னொரு 1,200 கட்டி அல்ட்ராசவுண்ட் எடுத்தேன், டாக்டர் திரையிலேயே காட்டினார், சாதாரண நீர்க்கட்டி. முந்தின நாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோதே படத்தைப் பார்த்து இதை முடித்திருந்தால் ஒரு ராத்திரித் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

அதைவிடப் பெரிய வருத்தம், "முழுப் பரிசோதனை" என்று பெயர் வைத்த பேக்கேஜில் ஒரு டாக்டரோ நர்ஸோ கையால் தொட்டுப் பார்க்கவே இல்லை. கையால் பார்ப்பதை லேசாக நினைக்கிறார்கள். மும்பையில் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனைக்காரர்கள் ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் பின்தொடர்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததிலேயே, 50 வயது தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே செய்கிறார்கள். அப்புறம், கையில் கட்டி தட்டுப்பட்டால் மேமோகிராம் நார்மல் என்று வந்திருந்தாலும் டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும், சில கட்டிகள் படத்தில் தெரியாமல் போவது உண்டு.

சரி, மறுபடி அங்கே போவேனா? அந்த அக்கா இருக்கிற வரைக்கும் போவேன், காலையிலேயே, அல்ட்ராசவுண்டும் அன்றே பார்ப்பீர்களா என்று கேட்டுவிட்டு. வரும்போது மறக்காமல் படங்களை சிடியில் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் எது புதிதாக வந்தது என்று தெரியும். அதற்குத் தனியாக 150 ரூபாய் கேட்டார்கள், முனகிக்கொண்டே கொடுத்தேன். அத்தை தன் சிடியை பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார்.