மலைத்தோட்டத்தில் கருத்தாய்வு: நான்கு இலவசக் கருவிகள்

கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில், மூணாறு தேயிலைத் தோட்டங்களிலும் வட்டவடை, காந்தல்லூர், மறையூர் ஊர்களிலும் வாழும் தமிழ் மக்களிடம் தகவல் திரட்டப் பல கல்லூரிகளிலிருந்து ஆய்வு மாணவர்கள் வருகிறார்கள். கூலி, கல்வி, உடல்நலம், குடிபெயர்வு என்று ஆய்வுப் பொருள் எதுவானாலும், செலவுக்கு வழியில்லாத அவர்களுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருத்தாய்வுக் கருவிகளே துணை. கூகுள் ஃபார்ம்ஸ், சர்வேமங்கி, லைம்சர்வே, கோபோடூல்பாக்ஸ் ஆகிய நான்கையும் இந்த மலைப்பகுதியின் தேவையை அளவுகோலாகக் கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். நேரில் சென்று கேட்டுப் பதிவு செய்யும் ஆய்வாக இருந்தால் கோபோவைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூகுள் ஃபார்ம்ஸின் எளிமையைக் குறை சொல்ல முடியாது. தமிழிலேயே கேள்விகளைத் தட்டச்சு செய்து ஒரு மணி நேரத்தில் படிவத்தை ஆயத்தம் செய்துவிடலாம்; பதில்கள் தாமாகவே விரிதாளில் வந்து சேரும். கல்லூரி மாணவர்களிடமோ ஆசிரியர்களிடமோ கருத்துக் கேட்பதற்கு இது போதும். ஆனால் இணைய இணைப்பு இல்லாத இடத்தில் இது பயன்படாது. தோட்டத்தின் உட்பகுதியில் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் பலவற்றில் சிக்னல் கிடைப்பதே அரிது. 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'சற்றும் உடன்படவில்லை' வரையான ஐந்து நிலை அளவுகோலைக் கட்ட வடிவில் வைத்தால், நீண்ட தமிழ்த் தொடர்கள் கைப்பேசித் திரையில் அடங்காமல், பதிலளிப்பவர் பக்கவாட்டில் நகர்த்தித் தேட வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிப் பெறும் பதில்கள், ஸ்மார்ட்போனும் ஓய்வும் உள்ளவர்களின் பதில்களே ஆகும். கொழுந்து எடுக்கும் பெண்களும் ஓய்வுபெற்ற முதியவர்களும் அதில் இடம்பெறுவது குறைவு. அப்படித் திரட்டியதை 'மூணாறு தோட்டத் தொழிலாளர்களின் கருத்து' என்று ஆய்வேட்டில் எழுதுவது முறையாகாது.

சர்வேமங்கியைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. அதன் இலவசக் கணக்கில் கேள்விகளின் எண்ணிக்கைக்கும் பார்க்கக்கூடிய பதில்களின் எண்ணிக்கைக்கும் விதித்திருக்கும் வரம்பு, ஒரு முதுகலை ஆய்வுக்கும் போதாது. லைம்சர்வே திறந்த மூல மென்பொருள். சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டால் வரம்பு ஏதும் இல்லை, ஒரே வினாநிரலைப் பல மொழிகளில் அமைக்கவும் முடியும். கணினித் துறையின் உதவி கிடைக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இது நல்ல தேர்வு. தனியாக உழைக்கும் மாணவருக்கு சர்வர் பராமரிப்பு வீண் சுமை.

கோபோடூல்பாக்ஸ், ஓடிகே என்னும் திறந்த மூலக் கருவியின் அடிப்படையில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதநேய முன்னெடுப்பு என்னும் அமைப்பைச் சேர்ந்தவர்களால் பேரிடர்க் களங்களில் தகவல் திரட்டுவதற்காக வளர்க்கப்பட்டது. அந்தப் பிறப்பின் பயன் இந்த மலையில் நன்றாகத் தெரிகிறது. படிவத்தை ஊரில் இருக்கும்போதே கோபோகலெக்ட் செயலியில் இறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத லயங்களில் நாள் முழுவதும் பதில்களைப் பதிவு செய்து, மாலையில் கடைவீதிக்கு வந்ததும் மொத்தமாக அனுப்பலாம். வயதுக்கான இடத்தில் 250 என்று தவறி எழுதினால் செயலி அதை ஏற்காதபடியும், குழந்தைகள் இல்லாத வீட்டில் பள்ளி பற்றிய கேள்விகள் தோன்றாதபடியும் முன்கூட்டியே அமைத்துவிடலாம்.

இருப்பினும் எல்லைப்புற ஆய்வாளருக்கு இதன் பெரும்பயன் மொழியில்தான் இருக்கிறது. இங்கே ஒரே வீட்டில் அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்திருக்கலாம். மலையாள வழியில் படித்த மகளுக்கு மலையாள எழுத்தே எளிது. கூகுள் ஃபார்ம்ஸில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு படிவங்கள் வேண்டும். பதில்கள் இரண்டு மொழித் தொடர்களாக வந்து விழுவதால், அவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்தி ஒரே குறியீட்டுக்கு மாற்ற வேண்டும். கோபோவில் ஒவ்வொரு விடைத்தெரிவுக்கும் அடியில் ஒரு குறியீடு இருக்கிறது. அதன்மேல் தமிழும் மலையாளமும் தனித்தனிப் பெயர்களாக அமைகின்றன. கள ஆய்வாளர் திரையில் மொழியை மாற்றிக் கேட்டாலும் சேமிக்கப்படுவது அதே குறியீடு என்பதால், பகுப்பாய்வின்போது இரு மொழியினரின் பதில்களும் குழப்பமின்றி ஒன்றுசேர்கின்றன. மொழிபெயர்ப்பை நாம்தான் எழுத வேண்டும். அதை இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது மிகவும் அவசியம்.

குறைகளும் உண்டு. கோபோகலெக்ட் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மட்டுமே இயங்கும். ஐபோன் வைத்திருப்பவர் உலாவிவழிப் படிவத்தைப் பயன்படுத்த வேண்டும். நிபந்தனைகளை அமைக்கும் முறையைக் கற்றுக்கொள்ளச் சில நாட்கள் பிடிக்கும். இலவசக் கணக்கில் மாதப் பதிவுகளுக்கும் படம், ஒலிக் கோப்புகளின் சேமிப்புக்கும் வரம்பு உள்ளது. நேர்காணல்களை ஒலிப்பதிவு செய்ய எண்ணுபவர் தொடங்குமுன் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். திரட்டிய தரவை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தோன்றக்கூடும் என்பதால், எக்செல் கோப்பாகவே இறக்குவது நல்லது.

கோபோவின் ஒரு வசதியை மட்டும் இங்கே அணைத்து வைக்கும்படி வலியுறுத்துவேன். ஒவ்வொரு பதிலோடும் இருப்பிடத்தைப் பதிவு செய்யும் வசதி அது. லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. அது நிர்வாகம் தந்த வீடு. கூலியையோ மேற்பார்வையாளரின் நடத்தையையோ பற்றி ஒரு பெண் மனம் திறந்து சொன்ன பதிலின் அருகில் அவர் வீட்டின் புவிப்புள்ளி இருந்தால், பெயரை நீக்கினாலும் அவரை அடையாளம் கண்டுவிடலாம். எஸ்டேட் பிரிவின் பெயரோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலான ஆய்வுகளுக்கு அதுவே போதும். மிகச் சிறிய பிரிவாக இருந்தால் அதையும் பக்கத்துப் பிரிவோடு சேர்த்தே ஆய்வேட்டில் காட்ட வேண்டும்.