ஆனைமுடி உச்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது பணம் கேட்டால்

கதை படிக்க நேரமில்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற ஆனைமுடிச் சிகரத்தில் சுற்றுலா வருபவர்களை ஏற விடுவதில்லை. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வரையாடு குட்டி போடும் காலம் என்று பூங்காவையே வழக்கமாக மூடிவிடுவார்கள். இந்த இரண்டு விஷயமும் தெரியாமல் நாங்கள் ஐந்து பேர் 32,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, ஏறாத மலைக்கு மெடல் வாங்கிக்கொண்டு வந்தோம். பணம் போனதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன்.

நான் ஈரோட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஜனவரி மாதம், ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது கல்லூரியில் படிக்கும் மகள் போனில் ஒரு ரீல்ஸ் காட்டினாள். மேகத்துக்கு மேலே நாலைந்து பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ‘ஆனைமுடி சம்மிட் ட்ரெக், 2 பகல் 1 இரவு, ஆளுக்கு 5,800 மட்டும், பெர்மிட், கைடு, சாப்பாடு, டென்ட் உள்பட.’ பொதுத்தேர்வு டியூட்டி ஆரம்பிப்பதற்குள் எங்காவது போய்வர வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தோம். சயின்ஸ் டீச்சர் அக்கா (ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான்), தமிழ் டீச்சர், அவர் மகன், நான், என் மகள் என்று ஐந்து பேர் சேர்ந்துவிட்டோம்.

போன் செய்தேன். எதிர்முனையில் மரியாதையான பையன். வார்த்தைக்கு வார்த்தை மேடம். எத்தனை பேருக்கு ஒரு டாய்லெட், லேடீஸுக்குத் தனி டென்ட் உண்டா, அக்காவுக்கு முட்டி வலி இருக்கிறதே ஏற முடியுமா என்று துருவித் துருவிக் கேட்டேன். ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவனே பதில் சொல்லி முடித்துவிட்டான். “பெர்மிட் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம் மேடம். நீங்க நல்ல ஷூ மட்டும் போட்டுட்டு வாங்க.” எனக்கும் அதைக் கேட்டு நிம்மதியாகத்தான் இருந்தது. நமக்கு வேலை மிச்சம்.

அட்வான்ஸ் 15,000 ரூபாயை கூகுள் பேயில் அனுப்பச் சொன்னான். நம்பரைப் போட்டால் அவன் பெயரும் வரவில்லை, விளம்பரத்தில் இருந்த பெயரும் வரவில்லை. யாரோ ஒரு பெண் பெயர் வந்தது. கேட்டதற்கு, “அது எங்க அக்கவுண்டன்ட் மேடம்” என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், “ஏனுங்க டீச்சர், கம்பெனிக்குன்னு ஒரு அக்கவுண்ட் கூடவா இல்ல?” என்று கிண்டலாகக் கேட்டார். நான் முறைத்துவிட்டு அனுப்பினேன். அதை இன்றுவரை சொல்லிக்காட்டாமல் இருக்கிறார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பிப்ரவரி கடைசி வாரம், வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்கு மேல் டெம்போ டிராவலர் வந்தது. எங்களைச் சேர்த்து பதினேழு பேர். பாக்கி 14,000-ஐ வண்டி ஏறும்போதே வாங்கிக்கொண்டான். தாராபுரம், உடுமலைப்பேட்டை வழியாகப் போய், விடியும்வரை செக்போஸ்ட்டில் காத்திருந்து சின்னார் காட்டுக்குள் நுழைந்தோம். மறையூரில் இட்லி. அதுவரைக்கும் எந்தக் குறையும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

மறையூரிலிருந்து மூணாறு போகிற வழியில், ஊருக்குக் கொஞ்சம் முன்னால்தான் இரவிகுளம் பூங்காவின் வாசல் இருக்கிறது. உடுமலை வழியாக வருகிற எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தேயிலைச் சரிவுக்கு மேலே அந்தப் பெரிய பாறை முதுகைப் பார்த்ததும் சயின்ஸ் அக்கா, “வந்துட்டோம், வந்துட்டோம்” என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி வேகம் குறையவே இல்லை. வாசலில் கூட்டமும் இல்லை. மூடியிருப்பதாக ஒரு போர்டு, மார்ச் 31 என்ற தேதியோடு. நான் முழுதாகப் படிப்பதற்குள் வண்டி தாண்டிவிட்டது.

“இங்கதானே தம்பி இறங்கணும்?”

“அது டூரிஸ்ட் கேட்டுங்க மேடம். நமக்கு வேற கேட்டு.”

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான் என்றால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நாம் டூரிஸ்ட் இல்லை, ட்ரெக்கர்.

அப்படி ஒரு கேட்டு கிடையாது. ஊருக்கு வந்த பிறகு உட்கார்ந்து படித்ததைச் சொல்கிறேன். வெள்ளைக்கார எஸ்டேட்காரர்கள் வேட்டைக்காக வைத்திருந்த புல்வெளி அது. 1971-இல் கேரள அரசு எடுத்துக்கொண்டது, 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. மொத்தம் 97 சதுர கிலோமீட்டர். அதில் நம்மைப் போன்றவர்களை விடுவது ராஜமலை என்கிற ஓர் ஓரத்தில் மட்டும். வாசலில் டிக்கெட் எடுத்தால் வனத்துறை பஸ்ஸில் மேலே கொண்டுபோய் விடுவார்கள். அங்கிருந்து தார் ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர் போல நடந்து, வரையாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும். கால் வைக்க முடியாது. வரையாடு நம் மாநில விலங்கு என்று வருஷா வருஷம் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டிருக்கிறேன். அது எந்த மாசம் குட்டி போடும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூணாறைத் தாண்டி, சின்னக்கானல் வழியாக சூரியநெல்லியில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கினார்கள். ‘பேஸ் கேம்ப்’ என்றான். தோட்டத்துக்குள் ஒரு சமதளம், வரிசையாகக் கூடாரம், எங்களுக்கு முன்பே இன்னொரு கூட்டம், எல்லோருக்கும் சேர்த்து இரண்டே டாய்லெட். சாயங்காலம் ஆளுக்கு 600 ரூபாய் ஃபாரஸ்ட் என்ட்ரி என்று கையில் வாங்கினான். அதுதான் உள்பட என்றாயே என்றதற்கு, ரேட் ஏற்றிவிட்டார்களாம். ரசீது கேட்டேன். குரூப் ரசீதாம், வாட்ஸ்அப்பில் போடுகிறேன் என்று ஒரு போட்டோ அனுப்பினான். கூடார வெளிச்சத்தில் ‘இரவிகுளம்’ என்ற எழுத்தைப் பார்த்ததும் சரி என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் அது ராஜமலை டிக்கெட், முந்தின வருஷம் நவம்பர் தேதி போட்டது, வேறு யாரோ நான்கு பேருக்கு எடுத்தது. பேப்பரில் பிள்ளைகள் விட்ட மைனஸ் குறியைக்கூடத் தேடிப் பிடிக்கிறவள் நான்.

விடியற்காலை 4 மணிக்கு எழுப்பி ஜீப்பில் ஏற்றினார்கள். கல்லும் குழியுமான பாதை. அக்கா முருகனையும் மருதமலையையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். மேலே போய் இறங்கி, பத்து நிமிஷம் நடந்ததும் ஒரு பாறை முனை. மேகம் கடல் மாதிரி கிடந்தது. சூரியன் வந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு, அதில் பொய் சொல்ல மாட்டேன். அந்த அழகு குறையாமல் இருக்கும்போதே பையன் ஒரு துணிப்பையைத் திறந்து, ஒவ்வொருவர் கழுத்திலும் நீல ரிப்பன் கட்டிய மெடல் மாட்டினான். ‘ஆனைமுடி, 2,695 மீட்டர், வெற்றியாளர்.’

ஜீப் ஓட்டி வந்தவர் தமிழ்க்காரர், அங்கேயே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். மெடலைப் பார்த்துவிட்டு என் மகளிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்: “பாப்பா, இதுல என்ன எழுதியிருக்கு?” அவள் வாசித்ததும் சிரித்துவிட்டார். “ஆனைமுடி அங்க இருக்கு பாப்பா, அந்தக் கடைசி மலை. இது கொழுக்குமலை. நீங்க இப்ப நிக்கிறது உங்க தேனி மாவட்டத்துல.”

உண்மைதான். கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டில், வண்டி போகும் பாதை மட்டும் சூரியநெல்லி வழியாக. யார் வேண்டுமானாலும் சூரியநெல்லிக்குப் போய் ஜீப் எடுத்துப் போய்வரலாம். வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, ஜீப்புக்கு இவ்வளவு.

சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. எல்லோரும் சூழ்ந்துகொண்டதும் பையன் கொஞ்சமும் அசராமல் இன்னொரு யோசனை சொன்னான். சம்மிட் மிஸ்ஸானதற்குப் பதிலாக ஒரு சூப்பர் ட்ரெக் தருகிறேன். இங்கிருந்து அப்படியே குரங்கணிக்கு இறங்கிவிடலாம். வேன் போடிமெட்டு வழியாகக் கீழே வந்து நிற்கும். எக்ஸ்ட்ரா பைசா வேண்டாம். கூட வந்த வாலிபப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் உடனே தயாராகிவிட்டார்கள். என் மகளும் ஷூ லேஸை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள்.

சயின்ஸ் அக்கா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. “குரங்கணியா?” என்று கேட்டார். “தீப்பிடிச்சுதே, அந்தக் குரங்கணியா?”

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் எங்கள் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போன பிள்ளைகள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும்போதுதான் காட்டுத் தீயில் மாட்டினார்கள். 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்கள் போன பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் அந்த வாரம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதே சரிவு, அதே வெயில் காலம், அதே ‘பெர்மிட் நாங்க பார்த்துக்கறோம்.’ அந்தப் பெயரைச் சொன்னதும் என் மூளை எப்படி விழித்துக்கொள்ளாமல் போனது என்று தெரியவில்லை. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அப்போது பன்னிரண்டு, பதிமூன்று வயது இருந்திருக்கும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

“இறங்காதீங்கக்கா,” என்றார் ஜீப்காரர். “புல்லெல்லாம் காஞ்சு கெடக்கு. ஒருத்தன் பீடி போட்டாப் போதும். ஓடவும் முடியாது, அவ்வளவு சரிவு.” பையன் அவரிடம், உங்க வேலையைப் பாருங்க அண்ணே என்றான். அவர் ஜீப் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, “என் வேலை, ஏத்திட்டு வந்தவங்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுறது” என்றார். யாரும் இறங்கவில்லை. என் மகள் அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. ராத்திரி வண்டியில் போனில் 2018 செய்திகளைப் படித்துவிட்டு, என் தோளில் வந்து சாய்ந்துகொண்டாள்.

திரும்பி வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். அந்தப் பையனுக்கும் புகார் எண்ணை அனுப்பினேன். இரண்டாம் நாள் 9,000 ரூபாய் திரும்பி வந்தது, கூடவே ‘குட்வில்லுக்காக’ என்று ஒரு மெசேஜ். அதற்குப் பிறகு எங்கள் ஐந்து பேர் நம்பரையும் பிளாக் செய்துவிட்டான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்று தெரிந்துகொண்டேன். போகலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் கையில் இருப்பது ஒரு பெண் பெயரில் போன கூகுள் பே ரசீதும் ஐந்து மெடலும் மட்டும். பில் இல்லை, முகவரி இல்லை. பணம் மொத்தமாக ஏமாற்றப்பட்டால் சைபர் க்ரைம் 1930-க்கு உடனே சொல்ல வேண்டும் என்கிறார்கள்; நாங்கள் போய், தூங்கி, சாப்பிட்டு வந்தவர்கள் ஆயிற்றே, அந்தக் கணக்கில் வருவோமா என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

மலை ஏற ஆசைப்படுகிறவர்களிடம் போகாதீர்கள் என்று சொல்ல நான் ஆள் இல்லை. நானே மறுபடி போவேன். ஆனால் பணம் அனுப்பும் முன்னால், என் பெயர் போட்ட அனுமதிச் சீட்டை அனுப்பு என்று கேளுங்கள். ‘குரூப் பெர்மிட்’, ‘அங்க போய் எடுத்துக்கலாம்’, ‘ஃபாரஸ்ட்ல நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க’ என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்த மூன்றாவது வசனத்தைத்தான் நான் அதிகம் நம்புகிறவளாக இருந்தேன், நம் ஊரில் எல்லாமே தெரிந்தவர் மூலமாகத்தானே நடக்கிறது. ராஜமலை டிக்கெட்டைப் பூங்காவின் சொந்த இணையதளத்தில் நாமே எடுக்கலாம். நிஜமாகவே உயரம் ஏற வேண்டுமென்றால் மீசைப்புலிமலை இருக்கிறது, 2,640 மீட்டர். அதைக் கேரள வன மேம்பாட்டுக் கழகமே வழிகாட்டியோடு நடத்துகிறது. நம் பக்கத்தில் 2024-இலிருந்து ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செய்து, உள்ளூர் ஆட்களை வழிகாட்டியாக அனுப்புகிறது. தீ பிடிக்கும் காலத்தில் அங்கே பதிவையே நிறுத்திவிடுவார்கள். அரசாங்கம் நிறுத்திவைத்திருக்கும் மாசத்தில் தனியார் ஒருவர் மட்டும் சீட் இருக்கிறது என்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று யோசியுங்கள்.

நேற்று மகள் தோழியின் போனில் அதே ரீல்ஸைப் பார்த்திருக்கிறாள். கம்பெனி பெயர் மாறியிருக்கிறது, நம்பரும் புதிது. கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள் அதே ஆட்கள். ‘ஆனைமுடி சம்மிட், மார்ச் இரண்டாம் வாரம், 6 சீட் மட்டும் பாக்கி.’