தெளிப்பானா, ஈரப் பெட்டியா? பாம்புத் தொட்டிக்கு எது சரிப்படும்

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த பழமொழி, வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் பால் பைதான் என்ற மலைப்பாம்புக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும். (பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது. பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அது பகலைக் கழிப்பது கரையான் புற்றிலும் எலி வளையிலும்தான். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே காற்றில் ஈரம் இருக்கும், உடம்பை ஒட்டிச் சுவரும் இருக்கும். நாமோ ஈரப்பதத்துக்கு ஒரு சாமான், பதுங்க ஒரு சாமான் என்று தனித்தனியாகத் தேடுகிறோம். பாம்புக்கு இரண்டும் ஒரே பொந்துதான்.

முதலில் எந்தப் பாம்பு என்று பார்க்க வேண்டும். பால் பைதானுக்கு 55 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். கார்ன் ஸ்னேக்குக்கு 40 முதல் 60 போதும். கென்ய மணல் போவா வறண்ட மண்ணில் புதைந்து கிடக்கிற ஜாதி, அதற்கு ஈரம் கூடினாலே தொல்லை. இனி சொல்வது பெரும்பாலும் பால் பைதானை மனதில் வைத்து.

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது தெளிப்பான். நானும் அதைத்தான் எடுத்தேன். காலையில் தெளித்ததும் ஈரப்பத மானி 80 காட்டும், மதியத்துக்குள் 45க்கு வந்துவிடும். மேலே வலை மூடி, பக்கத்தில் சூடு, அப்புறம் ஈரம் எங்கே தங்கும்? திரும்பத் திரும்பத் தெளித்ததில் தரையின் மேற்பரப்புதான் நனைந்தே கிடந்தது. ஈரத் தரையில் கிடக்கும் பாம்புக்கு வயிற்றுச் செதில்கள் கொப்பளித்து அழுகத் தொடங்கலாம். காற்று வறண்டிருந்தால் சட்டை துண்டு துண்டாக உரியும். ஒரே பாட்டிலில் இரண்டு கெடுதல்.

புகை மாதிரி பனி விடும் கருவி பார்க்க அழகு. ஆனால் அதன் தொட்டியைச் சுத்தமாக வைக்காவிட்டால் தண்ணீரில் வளர்ந்த பாக்டீரியா பனியோடு சேர்ந்து பாம்பின் நுரையீரலுக்குப் போகும். பால் பைதானுக்கு அது தேவையே இல்லை.

செலவு குறைவான வழியே நல்ல வழியாகவும் இருக்கிறது. வலை மூடியில் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மூடுங்கள், சூடு தரும் விளக்கு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒட்டும் டேப் எதையும் தொட்டிக்குள் வைக்காதீர்கள். பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் தோல் கிழியும். தரையில் 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகளோ சைப்ரஸ் மரச்சீவலோ போட்டு, மூலைகளில் தண்ணீர் ஊற்றுங்கள். அடி ஈரமாகவும் மேல் காய்ந்தும் இருக்க வேண்டும். நைஸான தேங்காய்த் தூளும் ஈரம் பிடிக்கும், காய்ந்தால் தூசி பறக்கும் என்பதால் எனக்குத் துண்டுகள்தான் பிடிக்கும். ஆஸ்பென் மரச்சீவலில் கார்ன் ஸ்னேக் குஷியாக வளை தோண்டும், ஆனால் நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். காகிதத் துண்டு ஈரத்தைத் தாங்காது. புதிதாக வந்த பாம்பைத் தனியே வைத்து உண்ணி இருக்கிறதா என்று கவனிக்கும் நாட்களுக்கு அதுவே சிறந்தது. சீடார் மரச்சீவல் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் எண்ணெய் பாம்புக்குக் கேடு.

இதற்குப் போட்டி ஈரப் பெட்டி. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவு ஓட்டை போட்டு, சொட்டாமல் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை நிரப்பினால் முடிந்தது. தொட்டி சற்று வறண்டிருந்தாலும் வேண்டும்போது பாம்பு உள்ளே போய்க்கொள்ளும். கார்ன் ஸ்னேக்குக்குச் சட்டை உரிக்கும் முன் கண் பால் நிறமாகும் நாட்களில் இதுவே போதும். பால் பைதானுக்கு இது துணைதான். தொட்டியின் மொத்த ஈரப்பதத்தைச் சரிசெய்யாமல் இதை மட்டும் வைத்தால் பாம்பு நாள் முழுக்க ஈரத்திலேயே படுத்துவிடும். பாசியையும் அடிக்கடி மாற்ற வேண்டும், அதில் எச்சமிட்டால் அன்றைக்கே.

மானி காட்டும் எண்ணை நம்புவதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 25 டிகிரியில் 60 சதவீதம் காட்டும் காற்றை ஒரு துளி ஈரம் குறையாமல் 32 டிகிரிக்குச் சூடாக்கினால் 40 சதவீதம்தான் காட்டும். குளிர்ந்த பக்கம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்போம், பாம்பு படுத்திருப்பதோ சூடான பக்கத்தில். சுவரில் ஒட்டும் முள் மானியை விட, வயர் முனையில் உணரி உள்ள டிஜிட்டல் மானி மேல். சந்தேகமாக இருந்தால் ஒரு மூடியில் உப்பைச் சேறு மாதிரி நனைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் சில மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும்.

பதுங்குமிடத்துக்கு வருவோம். கடைகளில் அதிகம் கண்ணில் படுவது இரண்டு பக்கமும் திறந்த அரை மரத்துண்டு. பேருந்து நிழற்குடை மாதிரி அது, நிழல் உண்டு, மறைவு கிடையாது. மரம் என்பதால் இடுக்குகளில் உண்ணி தங்கும், கழுவுவதும் கஷ்டம். கவிழ்த்த மண் தொட்டி கனமாக நிற்கும், ஆனால் அடி ஓட்டையில் பாம்பு தலையை விட்டுச் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அதை அடைத்தாக வேண்டும். என் ஓட்டு கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு. அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே வாசல், கழுவ எளிது, பாம்பு வளர வளரப் பெரிதாக மாற்றலாம். ஓட்டையின் விளிம்பை மட்டும் தேய்த்து மழுக்கிவிடுங்கள். சுருண்டு படுத்தால் உடம்பு சுவரைத் தொட வேண்டும், அந்த நெருக்கம்தான் அதற்குத் தைரியம்.

சூட்டில் ஒன்று, குளிர்ச்சியில் ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி வையுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் பயந்த பாம்பு சூடு போதாவிட்டாலும் மறைவை விட்டு வராது, தின்ற எலி செரிக்காமல் கிடக்கும். ஈரப் பெட்டி இந்த இரண்டில் ஒன்றாக இருக்கக் கூடாது, மூன்றாவதாக வர வேண்டும்.

சட்டை உரித்த மறுநாள் அதைக் கையில் எடுத்து விரித்து, கண்கள் இருந்த இடத்தில் இரண்டு சின்னக் கண்ணாடி வட்டங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வால் நுனியில் வளையமாகத் தோல் மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். பழைய தோல் கண்ணில் ஒட்டியிருந்தால் இடுக்கியால் பிடுங்க வேண்டாம். ஈரப்பதத்தைக் கூட்டி அடுத்த உரிப்புவரை பொறுங்கள். அப்போதும் போகாவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.