மே மாத மலை முகாம்: நுவரெலியாவா, பூன்ஹில்லா, காண்டர்ஸ்டெக்கா?

மலை முகாமுக்கு இடம் தேடும்போது பிள்ளைகள் பனிமலை தெரியுமா என்று கேட்பார்கள், பெற்றோர் செலவைக் கேட்பார்கள். பொறுப்பெடுத்துக் கூட்டிப்போகிறவருக்குக் கேள்வி வேறு. நடுராத்திரி ஒரு பிள்ளைக்கு முடியாமல் போனால் எத்தனை மணி நேரத்தில் கீழே இறக்கலாம்? இறக்கிய இடத்தில் எந்த மொழியில் பேசலாம்? வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி எல்லாம் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. அங்கே வளர்ந்த உடம்புக்கு 2,500 மீட்டர் உயரம் பழக்கமே இல்லாத சமாச்சாரம். 11 முதல் 16 வயது வரை 12 பிள்ளைகள், மே மாத விடுமுறை என்று வைத்துக்கொண்டு இலங்கையின் நுவரெலியா, நேபாளத்தின் பூன்ஹில், சுவிட்சர்லாந்தின் காண்டர்ஸ்டெக் மூன்றையும் இந்தக் கேள்வியால் உரசிப் பார்க்கலாம்.

பூட்டான் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்பார்கள். காரணம் கணக்கு. அங்கே தங்கும் இந்தியர்களுக்கு ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம். 6 முதல் 12 வயது வரை பாதி. முழுக் கட்டணத்தில் 15 பேர், 6 இரவு என்றால் 1,08,000 ரூபாய். அறை வாடகையும் சாப்பாடும் அதற்கு மேல்.

15 பேர் என்றது 12 பிள்ளைகளும் மூன்று பெரியவர்களும். இரண்டு பெரியவர் போதும் என்று செலவைக் குறைக்கப் பார்ப்பார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒருவர் அறையிலேயே தங்கிவிட்டால், மிச்சம் 11 பேரோடு ஒரே ஆள் மலையில் நிற்பார். வரிசைக்கு முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் நடக்க வேண்டும் என்ற முதல் விதியே அங்கே உடைந்துவிடும். பெண் பிள்ளைகள் இருந்தால் பெரியவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

காண்டர்ஸ்டெக்: இடம் அருமை, மாதம் பொருந்தாது

சுவிட்சர்லாந்தில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தக் கிராமத்தில் 1923 முதல் சர்வதேச சாரணர் மையம் இருக்கிறது. உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோய் பற்றி, தூங்கும் இடத்தில் கவலையே வேண்டாம். பாதைகளுக்கு நிறக்குறி உண்டு: மஞ்சள் பலகை யாருக்கும் சரி, வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் கால் தடுமாறாதவர்களுக்கு, வெள்ளை-நீலம்-வெள்ளை தெரிந்தால் பிள்ளைகளோடு அப்படியே திரும்பிவிட வேண்டும். ஆம்புலன்சுக்கு 144, ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. பாதுகாப்பை மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம்.

ஆனால் நமக்கு லீவு விடும் மே மாதத்தில் ஆல்ப்ஸின் மேல்பாதைகளில் இன்னும் பனி கிடக்கும். அங்கே சீசன் ஜூலை, ஆகஸ்ட். அப்போது நம் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அடுத்தது ஷெங்கன் விசா, அதாவது சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. 12 வயதுக்கு மேல் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, பெற்றோர் இருவரின் சம்மதக் கையெழுத்து. பதினோரு பேருக்கு விசா வந்து ஒரு பிள்ளைக்கு மறுத்துவிட்டால் அந்த வீட்டுக்கு என்ன சொல்வது? கட்டிய கட்டணமும் திரும்ப வராது. சமைத்துச் சாப்பிட்டுச் செலவைக் குறைக்கலாம் என்றாலும் நெய், பால் பவுடர், கறி ஊறுகாய் எதையும் எடுத்துப்போக முடியாது. பாலும் இறைச்சியும் சார்ந்த பொருட்களுக்கு எல்லையிலேயே தடை. ஜூலையில் பள்ளி அனுமதி வாங்கக்கூடிய சாரணர் குழு, முந்தைய டிசம்பரிலேயே வேலையைத் தொடங்கினால் தாராளமாகப் போகலாம். கால்பந்து கிளப்பின் மே மாத முகாமுக்கு இது ஒத்துவராது.

பூன்ஹில்: படியும் உயரமும்

நேபாளத்தில் நடை தொடங்கும் முன் தங்கும் பொக்காரா நகரம் சுமார் 820 மீட்டர். வழியில் வரும் உல்லேரி கிராமம் ஏறத்தாழ 2,000. கோரேபானி 2,870 அளவில். அங்கிருந்து விடியலில் ஏறும் பூன்ஹில் 3,210. தப்பு எங்கே நடக்கும் என்பது இந்த நான்கு எண்களிலேயே இருக்கிறது. இப்போது உல்லேரி வரை ஜீப் போகிறது. நாள் மிச்சம் என்று காலையில் பொக்காராவில் ஜீப் ஏறி, உல்லேரியில் இறங்கி, அன்று மாலையே கோரேபானிக்கு நடந்துவிடுகிறார்கள். ஒரே நாளில் 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து, அந்த உயரத்திலேயே தூக்கம். கடலோரப் பிள்ளைகளில் சிலருக்கு அன்றிரவே தலைவலி வரும். உல்லேரியில் ஓர் இரவு கட்டாயம் தங்க வேண்டும். அந்த ஒரு நாளை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக்கூடாது.

பிள்ளைகள் தலைவலியை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். காலையில் பூன்ஹில்லுக்குக் கூட்டிப்போகமாட்டார்களோ என்ற பயம். "ஒண்ணும் இல்லண்ணா, தூக்கம் வருது" என்பார்கள். ஆகவே கேள்வி கேட்பதைவிடத் தட்டைப் பாருங்கள். பருப்புச் சோற்றை இரண்டாம் முறை வாங்காத பையன், வழக்கமாக வாயாடிவிட்டு இப்போது சுவரில் சாய்ந்திருக்கும் பெண், இருவரும் கவனிக்க வேண்டியவர்கள். தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ அசதியோ சேர்ந்தால் உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு ஏற்றத்தை நிறுத்த வேண்டும். பிறகு தரையில் ஒரு நேர்கோட்டில், ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. டார்ச் வெளிச்சத்தில், வழிகாட்டியும் ஒரு பெரியவரும் சேர்ந்து உடனே இறக்க வேண்டும். கோரேபானியிலிருந்து ஜீப் கிடைக்கும் இடத்துக்குச் சில மணி நேர நடை, அதற்குப் பிறகு பொக்காராவுக்கு மறுபடியும் சில மணி நேரம். இலங்கையோடு ஒப்பிட்டால் நேபாளம் பின்தங்குவது இந்த இடத்தில்தான். உயர நோய்க்கான அசிடசோலமைடு மாத்திரையைக் கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அது ஆபத்தாகலாம். டாக்டர் ஊரிலேயே பார்த்து எழுதித் தர வேண்டும்.

அடுத்தது படிகள். உல்லேரிக்குக் கீழே இருக்கும் திக்கேதுங்காவிலிருந்து உல்லேரி வரை மூவாயிரத்துச் சொச்சம் கல்படிகள். திருத்தணி மலைக்கு 365 படி. அதை ஒன்பது முறை ஏறினால்தான் அந்தக் கணக்கு வரும். சமதரையில் எவ்வளவு ஓடினாலும் இதற்குப் பழக்கம் ஆகாது. கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பிருந்து, வாரம் மூன்று நாள், குடியிருப்பு மாடிப்படிகளில் முதுகுப்பையோடு ஏறி இறங்கட்டும். இறங்குவதையும் பழக்குங்கள், முட்டி வலி வருவது இறக்கத்தில்தான்.

செலவில் நேபாளம் நமக்கு அனுகூலம். விசா வேண்டாம். பூன்ஹில் இருக்கும் அன்னபூர்ணா பகுதிக்கான அனுமதி, இந்தியா உட்பட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய். நம் ரூபாய்க்கு 1.6 என்ற நிலையான மாற்றில் 625 ரூபாய். 2023 ஏப்ரல் முதல் வழிகாட்டி இல்லாமல் இந்தப் பாதைகளில் நடக்கக்கூடாது என்பது விதி. பிள்ளைகளோடு போகிறவர் விதி இல்லாவிட்டாலும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். காப்பீடு எடுக்கும்போது 'அதிகபட்ச உயரம்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அங்கே 3,000 மீட்டர் என்று இருந்தால் பூன்ஹில்லுக்கு அந்தக் காகிதம் செல்லாது. மே மாதத்தில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும். காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்கி இரண்டு மணிக்குள் கூரைக்கடியில் இருக்க வேண்டும்.

இலங்கை மலைநாடு: உயரத்தைவிட விளிம்புதான் ஆபத்து

நுவரெலியா 1,868 மீட்டர், 'எல்ல' என்ற ஊர் சுமார் 1,000. தூங்கும் இடம் 2,500-க்குக் கீழேயே இருப்பதால் உயர நோய் பெரும்பாலும் எட்டிப்பார்க்காது. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம். தேயிலைத் தோட்டங்களில் எங்கே நின்றாலும் தமிழ் பேசுகிறவர் கிடைப்பார். 1990 என்ற எண்ணை அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும். 2016-இல் இந்திய நிதியுதவியோடு தொடங்கிய சேவை அது. வயிற்றுவலி எந்தப் பக்கம் என்று பிள்ளையே நர்ஸிடம் தமிழில் சொல்லக்கூடிய வெளிநாட்டு மலை வேறெங்கே இருக்கிறது?

அதற்காக அசந்துவிடக் கூடாது. நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹோர்ட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பள்ளம் சுமார் 870 மீட்டர். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி விளிம்பே தெரியாமல் போகும். ஆகவே காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போதே உள்ளே போக வேண்டும். விளிம்புக்கு நான்கு மீட்டர் முன்னால் ஒரு பெரியவர் நின்று, நான்கு நான்கு பேராக மட்டும், உட்காரவைத்துக் காட்ட வேண்டும். நின்றபடி செல்ஃபி கிடையாது. வாசலில் பிளாஸ்டிக் பையையும் உறையையும் வாங்கிக்கொள்வார்கள். சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கட்டிவிட்டால் தொல்லை இல்லை.

இன்னொரு ஆபத்து மலை ரயில். ஓடும்போதே கதவு திறந்திருக்கும், பாறைச் சுவரும் சுரங்கமும் பெட்டியை உரசுவதுபோல வரும். கும்மிடிப்பூண்டி லைனில் ஃபுட்போர்டில் தொங்கிப் பழகிய கைக்கு அந்தக் கம்பி சும்மா இருக்க விடாது. நுவரெலியாவுக்கான நானுஓயா நிலையத்தில் ஏறியதும் இரண்டு கதவுக்கும் ஒவ்வொரு பெரியவர். 'எல்ல' ஊர் வரும்வரை அவர் நகரக்கூடாது. 2025 நவம்பரில் டிட்வா புயல் மலைநாட்டுப் பாதையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. எந்தப் பகுதி ஓடுகிறது என்று டிக்கெட் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். முதல் பாதியிலேயே போய்வருவது நல்லது.

முதல்முறை மலைக்குப் போகும் குழு, அதுவும் 13 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால், இலங்கைதான். 14-க்கு மேல், ஆறு வாரம் படி ஏறிப் பழகிய குழு என்றால் நேபாளம்.

காகிதமும் துணியும்

இலங்கைக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் பாஸ்போர்ட் வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இனிஷியலில் வரும். பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும், பள்ளியில் ஒரு எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. இதைச் சரிசெய்யவே இரண்டு மாதம் ஓடும், ஜனவரியில் தொடங்குங்கள். நேபாளத்துக்கு விமானத்தில் போகும் பெரியவரிடம் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை இருக்க வேண்டும், ஆதார் செல்லாது. 15 வயதுக்குக் கீழே புகைப்படமுள்ள ஆதார் போதும். 15 முதல் 18 வரை தலைமையாசிரியர் குறிப்பிட்ட படிவத்தில் தரும் அடையாளச் சான்று செல்லும்.

ஸ்வெட்டருக்காக எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் பணத்தைக் கொட்ட வேண்டாம். பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் பாலியெஸ்டர் ஜெர்சிதான் உள்ளாடையாக நல்லது, சீக்கிரம் காயும். பருத்தி பனியன் வியர்வையில் ஊறினால் குளிர் எலும்பைப் பிடிக்கும். அதற்கு மேல் ஒரு ஃப்ளீஸ் என்னும் பஞ்சுபோன்ற மேலாடை, அதற்கு மேல் மழைக்கோட்டு. புது ஷூ என்றால் நான்கு வாரம் முன்பே வாங்கித் தெருவில் போட்டுப் பழகட்டும். கிளம்பும் முன்தினம் எல்லோர் கால் நகத்தையும் பாருங்கள். நீளமாக விட்டால் இறக்கத்தில் ஷூ முனையில் இடித்து இடித்து, இரண்டாம் நாளே கட்டைவிரல் கறுத்துவிடும்.