வண்டி மேல் ஃபைன் இருக்கிறதா? பரிவாகன் இ-சலான் தளம், வேலூர்க்காரர்களுக்காக ஒரு விமர்சனம்

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்காக என்.ஐ.சி. (தேசியத் தகவலியல் மையம்) உருவாக்கிய பரிவாகன் இ-சலான் தளம், வண்டி மேல் உள்ள அபராதத்தைத் தேடிக் காட்டும் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பணம் வாங்காது, புரோக்கர் தேவையில்லை, ராத்திரி பதினோரு மணிக்கும் பார்க்கலாம். குறைத்த ஒன்றரை மதிப்பெண்ணுக்கும் காரணம் உண்டு: ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) பழைய மொபைல் நம்பர் இருப்பவரை அது நடுவழியில் நிறுத்திவிடுகிறது, கோர்ட்டுக்குப் போன சலானை முழுதாகச் சொல்வதில்லை, பக்கத்து மாநிலத்தில் விழுந்த ஃபைனுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. பெங்களூருக்கும் சித்தூருக்கும் அடிக்கடி வண்டி ஓட்டும் நம் ஊருக்கு இந்தக் கடைசிக் குறை பெரிய குறை.

தேட மூன்று வழி: சலான் எண், வண்டி எண், ஓட்டுநர் உரிம எண். கையில் சலான் சீட்டோ எஸ்.எம்.எஸ்.ஸோ இருந்தால் சலான் எண்தான் சுலபம். தமிழ்நாட்டில் போட்டதாக இருந்தால் டி.என். என்று தொடங்கும். எதுவும் இல்லாமல் 'ஏதாவது இருக்கிறதா' என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் வண்டி எண்ணில் தேடுங்கள். அதற்குச் சேஸிஸ் நம்பர் அல்லது எஞ்சின் நம்பரின் கடைசி ஐந்து எழுத்துகள் வேண்டும். ஆர்.சி. கார்டிலேயே இருக்கும். கார்டு அழிந்துபோயிருந்தால் அரசின் ஆவண ஆப்பான டிஜிலாக்கரில் உள்ள ஆர்.சி.யைப் பாருங்கள், பைக்காக இருந்தால் ஹேண்டில் கழுத்துப் பக்கம் அச்சடித்திருக்கும் 17 எழுத்துகளில் கடைசி ஐந்தை எடுங்கள். கேப்சாவையும் அடித்து உள்ளே போனால், மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கேட்கும்.

'பதிவு இல்லை' என்று வந்தவுடன் நிம்மதியாகி மூடிவிடாதீர்கள். எண்ணைத் தப்பாக அடித்தாலும் வண்டி அகப்படாது. டி.என். 23, பிறகு எழுத்து, பிறகு நான்கு இலக்கம். நடுவில் இடைவெளியோ கோடோ வேண்டாம். பதிவு எண் மூன்று இலக்கமாக இருந்தால் முன்னால் பூஜ்ஜியம் சேர்த்து நான்காக்கி ஒரு தடவை தேடுங்கள். பழைய வண்டிகளில் இது அடிக்கடி உதவும். சேஸிஸ் நம்பரில் பூஜ்ஜியத்தை ஆங்கில 'ஓ' என்று வாசிப்பதும் சகஜம். சேஸிஸ் நம்பரில் 'ஐ', 'ஓ', 'க்யூ' எழுத்துகளே வராது என்பதால் வட்டமாகத் தெரிவதைப் பூஜ்ஜியமாகவே எடுத்துக்கொள்ளலாம். பழைய லைசென்ஸில் சாய்கோடு போட்ட எண் இருந்தால் அதை அப்படியே அடிக்காமல், டிஜிலாக்கரிலோ, லைசென்ஸுக்கான சாரதி தளத்திலோ காட்டும் புது வடிவ எண்ணை எடுத்து அடியுங்கள்.

ஓ.டி.பி. வராதது இந்தத் தளத்தின் மேல் அடிக்கடி வரும் புகார். பத்து வருஷத்துக்கு முன் வண்டி எடுக்கும்போது ஷோரூம்காரர் தன் நம்பரையோ ஏஜென்ட் நம்பரையோ போட்டிருப்பார், அது ஆர்.சி.யோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். விளைவு என்னவென்றால், கேமரா பிடித்த ஃபைனுக்கான எஸ்.எம்.எஸ். யாரோ ஒருவருக்குப் போகிறது, உரிமையாளருக்கு எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எடுக்கும் அன்றைக்குத்தான் தெரிகிறது. ஆகவே சலானைத் தேடுவதற்கு முன்பே பரிவாகன் முகப்பில் உள்ள மொபைல் நம்பர் மாற்றும் சேவைக்குப் போங்கள். வண்டி எண், சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், பதிவு செய்த தேதி, பதிவு செல்லுபடியாகும் தேதி எல்லாம் கேட்கும், ஆர்.சி.யில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். பெயரோ தேதியோ ஒத்துப்போகாமல் தளம் மறுத்தால் வண்டி எந்த ஆர்.டி.ஓ. பதிவோ அங்கேதான் போக வேண்டும். டி.என். 23 என்றால் வேலூர், 73 என்றால் ராணிப்பேட்டை.

முடிவுப் பட்டியல் நன்றாகவே இருக்கிறது. சலான் எண், மாநிலம், போலீஸ் போட்டதா போக்குவரத்துத் துறை போட்டதா, தேதி, தொகை, நிலை எல்லாம் ஒரே வரிசையில் வரும். மொபைலில் பார்ப்பவர்கள் திரையை வலப்பக்கம் நகர்த்திப் பார்க்க வேண்டும். சலானை அச்சிடும் பொத்தானும் பணம் கட்டும் பொத்தானும் அந்த ஓரத்தில்தான் ஒளிந்திருக்கின்றன. அச்சுப் பொத்தானை அழுத்தியும் எதுவும் திறக்காவிட்டால் பிரவுசர் பாப்-அப்பைத் தடுத்திருக்கும், அனுமதி கொடுங்கள்.

தொகையைச் சரிபார்க்க அடிப்படை அளவுகளை நினைவில் வைத்திருப்பது நல்லது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் கடைசியில் புதிய அபராதத் தொகைகள் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லை என்றால் 1,000 ரூபாய், பின்னால் உட்கார்ந்தவருக்கும் தனியாக அதே தொகை. சீட் பெல்ட் 1,000, மூன்று பேர் ஏறினால் 1,000, இன்சூரன்ஸ் இல்லாமல் முதல் முறை 2,000, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000, குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. எதிர்பார்த்ததைவிடத் தொகை கூடுதலாக இருந்தால் அச்சுப் பிரதியில் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவுகளைப் பாருங்கள். ஹெல்மெட்டுக்கு 194-டி, இன்சூரன்ஸுக்கு 196. ஒரே சலானில் இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

எல்லாரும் அவசரப்படும் இடம் அடுத்தது. படத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அச்சுப் பிரதியில் இடமும் நேரமும் இருக்கும், கேமரா சலானில் வண்டியின் படமும் இருக்கும். நம்பர் பிளேட்டில் 3-ஐ 8 என்றும், 8-ஐ 3 என்றும் வாசிக்கும் பிழை நடக்கக்கூடியது, டி.என். 28 நாமக்கல், 23 வேலூர். 'பி'யும் 8-ம் இதே மாதிரிதான். கிரீன் சர்க்கிளைத் தாண்டியே போகாத ஸ்கூட்டிக்கு வேறு மாவட்டத்தில் ஃபைன் வந்திருந்தால் முதலில் படத்தில் உள்ள வண்டியின் நிறத்தையும் மாடலையும் ஒப்பிடுங்கள். தப்பு என்று தெரிந்தால் அதே தளத்தின் புகார்ப் பகுதியில் சலான் எண்ணோடு, ஆர்.சி. நகலும் உங்கள் வண்டியின் முன்புறப் படமும் இணைத்து அனுப்பி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சலான் போட்ட போக்குவரத்துப் போலீஸ் பிரிவுக்கும் எழுத்தில் ஒன்று கொடுத்து வையுங்கள். கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்ததாக ஆகிவிடும், பிறகு மறுக்க வழி குறைவு.

பணம் கட்டும் பகுதி சராசரி. அக்கவுண்டில் பணம் போய்விடும், சலான் மட்டும் 'நிலுவை' என்றே நிற்கும். உடனே இரண்டாம் முறை கட்டுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. தளத்திலேயே நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் இணைப்பு இருக்கிறது. சலான் எண்ணைக் கொடுத்தால் வங்கியிடம் மறுபடி கேட்டு நிலையைப் புதுப்பிக்கும். வங்கிப் பரிவர்த்தனை எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு அதை முதலில் முயலுங்கள். பிரவுசிங் சென்டரில் கட்டுபவர்கள் ரொக்கம் கொடுத்துவிட்டு எழுந்து வராமல், தளத்தின் ரசீதை அச்செடுத்து வாங்கிக்கொண்டே வர வேண்டும்.

கோர்ட் விஷயத்துக்கு வருவோம். நாள்பட்ட சலான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டதும் பரிவாகனில் கட்டும் பொத்தான் மறைந்துவிடும். அதைப் பார்த்து 'தள்ளுபடி ஆகிவிட்டது' என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை, அது விர்ச்சுவல் கோர்ட் (இணையவழி நீதிமன்றம்) தளத்துக்கு நகர்ந்திருக்கலாம். அங்கே தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, மொபைல் எண், சி.என்.ஆர். எண் (வழக்குக்கான தனி எண்), பெயர், சலான் அல்லது வண்டி எண் இவற்றில் ஒன்றால் தேடலாம். அபராதம் கட்டுகிறேன் என்றும், வழக்கை எதிர்க்கிறேன் என்றும் இரண்டு வழி காட்டும். எதிர்க்கிறேன் என்று சொன்னால் வழக்கு எல்லைக்குட்பட்ட சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும், நேரில் போக வேண்டியிருக்கும். அதை அறிந்தே அழுத்துங்கள். அங்கே கட்டிய பணம் பரிவாகனில் பிரதிபலிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

குடித்துவிட்டு ஓட்டியது போன்ற வழக்குகளை நேரடி நீதிமன்றம்தான் பார்க்கும். அவற்றை இ-கோர்ட்ஸ் தளத்திலோ ஆப்பிலோ தேடுங்கள். எங்கே பிடித்தார்கள் என்பதே இங்கே முக்கியம். 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. வாலாஜாவில் பிடித்ததைச் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் போய்க் கேட்டால் பாதி நாள் வீண். சலானில் உள்ள ஸ்டேஷன் பெயரை வைத்து மாவட்டத்தை முடிவு செய்யுங்கள். ராணிப்பேட்டையில் தேடிக் கிடைக்காவிட்டால் வேலூரிலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

எம்-பரிவாகன் ஆப்பில் வண்டியைச் சேர்த்து வைத்தால் சலான் விவரம் அதிலேயே தெரியும், ஆர்.சி.யும் லைசென்ஸும் கையில் இருந்த மாதிரி. ஆனால் அதைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்குங்கள். 'உங்கள் வண்டிக்கு ஃபைன்' என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு (ஆப்பை நிறுவும் கோப்பு) அனுப்பி, திறந்தவர்களின் ஓ.டி.பி.யைத் திருடி அக்கவுண்டைக் காலி செய்யும் கும்பல்கள் இருக்கின்றன. உண்மையான பரிவாகன் தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்றுதான் முடியும். கோப்பைத் திறந்துவிட்டால் மொபைலின் இணையத்தை அணைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு வேறு போனிலிருந்து அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

டிராவல்ஸ் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது: பரிவாகன் பூஜ்ஜியம் காட்டினாலும் பெங்களூர் டிராஃபிக் போலீஸ் தளத்தையோ கர்நாடகா ஒன் தளத்தையோ தனியாகப் பாருங்கள். திருப்பதி வழி ஓடும் வண்டிக்கு ஆந்திர போலீஸின் சொந்த இ-சலான் தளம் இருக்கிறது. கர்நாடகத்தில் நிலுவைக்கு ஐம்பது சதவீதத் தள்ளுபடி அறிவித்த காலங்களும் உண்டு, 2023 பிப்ரவரியில் அப்படி அறிவித்தார்கள். அந்த மாநிலத்து நிலுவை நிறைய இருந்தால் கட்டுவதற்கு முன் அப்படி ஏதும் நடப்பில் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதெல்லாம் பார்க்க வேண்டும். விற்பவரை அருகில் உட்காரவைத்து அவர் மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு பரிவாகன், விர்ச்சுவல் கோர்ட், பெங்களூர், ஆந்திரா என்று வரிசையாகத் தேடுங்கள். ஓ.டி.பி. வேறு யாருக்கோ போகிறது என்று அவர் சொன்னால், நம்பர் மாற்றிய பிறகே பேச்சு. நிலுவை ஏதாவது இருந்தால் அவரையே கட்டவைத்து, நிலை மாறியதைத் திரையில் பார்த்து, ரசீதை வாங்கிக்கொண்ட பிறகு உரிமை மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் கையெழுத்துப் போடுங்கள்.