பொல்கொடையில் ஒரு பாஸ் ரீல்: எல்லாம் சரி, அந்த உருளையைத் தவிர

தெகிவளையில் இருக்கும் என் மச்சான் போன கிழமை ஒரு படம் அனுப்பிக் கேட்டான்: "நீ மீன்பிடிக்கப் பாவிக்கிற அதே தூண்டில் ரீல், புறக்கோட்டையில் விலை குறைத்துப் போட்டிருக்கிறார்கள், எடுக்கவா?" 2022இல் டொலர் 360 ரூபாவுக்குப் போனபோது ரீல், லூர் என்கிற செயற்கை இரை, பிரெயிட் என்கிற பின்னிய தூண்டில் நூல் எல்லாமே கைவைக்க முடியாத விலைக்கு ஏறியதை நினைத்தால், இப்போது குறைந்த விலையைக் கண்டதும் யாருக்கும் கை துடிக்கத்தான் செய்யும். ஆனால் அவன் கேட்ட நேரம், என் ரீலை நான் திரும்பவும் திருத்தி அப்போதுதான் முடித்திருந்தேன். அவனுக்கு இரண்டு வரி எழுதத் தொடங்கி அது இவ்வளவு நீண்டுவிட்டது.

கொம்பனிப் பெயர் போடவில்லை. 3000 அளவு ஸ்பின்னிங் ரீல், பெட்டியில் வாயைப் பிளந்து துள்ளும் லார்ஜ்மவுத் பாஸ் என்கிற மீனின் படம். எடை, கியர் விகிதம் எல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது, அதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நான் இதை 7 அடித் தடியில் மாட்டி, 20 இறாத்தல் பிரெயிட் சுற்றி, பெரும்பாலும் பொல்கொடை வாவியில் கொடுவாவுக்கும் பிலியந்தலைப் பக்கத்து வயல் வாய்க்கால்களில் விராலுக்கும் பாவிக்கிறேன். புதிதாக இருந்தபோது எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகத்தான் வந்திருக்கும். இப்போது நன்றாகத் தேய்ந்துவிட்டது, அதனால்தான் எழுதலாம் என்று தோன்றுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது உண்மையிலேயே நிறைய இருக்கிறது. இதன் ட்ராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக், அது மாதிரி ஒன்றை இந்த விலையில் நான் தொட்டதில்லை. கொடுவா லூரைக் கடிப்பதில்லை, வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும், அடுத்த நொடி அது ஓடுகிற இடம் கண்டல் வேர்தான். அந்த முதல் ஓட்டத்தில் ட்ராக் திக்கித் திக்கி இறங்கினால் நூல் அறும், இல்லாவிட்டால் முள் கழரும். இது ஒருபோதும் திக்கியதில்லை. ட்ராக்கை நூலின் பலத்தில் கால்வாசிக்கு வைப்பதுதான் வழக்கம், 20 இறாத்தல் நூலுக்கு 5 இறாத்தல். தராசு இல்லையென்றால் நூல் நுனியில் 2 லீட்டர் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கட்டித் தூக்கிப் பாருங்கள், மெதுவாக நூல் இறங்கினால் கிட்டத்தட்ட சரி. மீன் எழும்பித் தலையை உதறும்போது தடியின் நுனியைத் தாழ்த்துங்கள். மேலே தூக்கினால் அது இன்னும் எழும்பும். லீடர், அதாவது நூல் நுனியில் கட்டும் தடித்த தங்கூசித் துண்டு, 40 இறாத்தலுக்குக் குறையவே கூடாது, கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கையையே கிழிக்கும் கூர்மை, மெல்லிய தங்கூசி அதற்குப் பட்டால் அதோடு சரி.

சரி, இப்போது அந்த உருளை.

தடியிலிருந்து நேராக வரும் நூல், ரீலின் வளையக் கம்பி ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன உருளையில் திரும்பித்தான் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூலுக்குப் போகிறது. அதற்குள் ஒரு பேரிங். வெளிவிட்டம் 7 மில்லிமீற்றர், உள்விட்டம் 4, தடிப்பு 2.5, சட்டைப் பொத்தானை விடச் சின்னது. பிரெயிட் நூல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வரும், அந்த உருளையில் மடங்கும்போது குடித்த அத்தனையையும் பிழிந்து பேரிங்குக்குள் விடும். பொல்கொடை பாணந்துறையில் கடலோடு சேர்கிற நீர். மழை குறைந்த மாதங்களில் உவர்ப்பு உள்ளே ஏறும். வீட்டுக்கு வந்து நீங்கள் எவ்வளவுதான் குழாய்த் தண்ணீரில் கழுவினாலும் அந்தப் பேரிங்கின் மூடிக்குள் போன உப்பு முழுதாக வெளியே வராது, காய்ந்து கட்டியாகும், பிறகு துரு. நான் ஒவ்வொரு முறையும் அன்றிரவே கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு வைக்கிற ஆள். அப்படியிருந்தும் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது, பிறகு அடியோடு இறுகி நின்றது.

எனக்குக் கோபம் எங்கே வருகிறது தெரியுமா? ரீலின் உடம்புக்குள் இருக்கும் பேரிங்குகள் இன்றைக்கும் வழுக்கிக்கொண்டு சுற்றுகின்றன. கைபிடியில் ஆட்டமே இல்லை. பெட்டியில் பேரிங் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் உப்புத் தண்ணீர் நேரே வந்து விழுகிற ஒரேயொரு இடத்தில் இருப்பதிலேயே மலிவான பேரிங்கை வைத்திருக்கிறார்கள். திருத்தக் கொடுத்த இடத்தில், அந்தப் பேரிங் மட்டும் தனியாகத் தர மாட்டோம், கம்பியோடு சேர்த்து முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வந்தது. அதற்குள்ளும் அதே மலிவுப் பேரிங். அதுவும் கத்தியது.

நியாயமாகப் பார்த்தால் ரீலைச் செய்தவர்கள் பக்கமும் ஒன்று சொல்லலாம். இது பாஸ் மீனுக்காகச் செய்த சாமான். லார்ஜ்மவுத் பாஸ் நன்னீர் மீன். 1932இல் ஜோர்ஜியாவில் ஜோர்ஜ் பெரி பிடித்த 22 இறாத்தல் 4 அவுன்ஸ் மீன்தான் இன்றும் உலக சாதனை, அதோடு சமநிலையில் நிற்கும் மீனை மனாபு குரிட்டா 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடித்தார். இரண்டுமே உப்புப் படாத தண்ணீர். அந்த ஏரிகளில் இந்த உருளை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும். அதை நான் நம்புகிறேன், ஏனென்றால் வயல் வாய்க்காலுக்கு மட்டும் கொண்டுபோன மாதங்களில் எனக்கும் அது ஒரு தொல்லையும் தரவில்லை. ஆனால் நாங்கள் தூண்டில் போடுகிற இடத்தில் அந்த மீன் இல்லை, அந்தத் தண்ணீரும் இல்லை. பெட்டியைக் கொழும்பில் விற்கிறவர்கள் கடலோரக் களப்புகளுக்கும் ஏற்றது என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

ஒரு சின்ன உருளைக்கு ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்பீர்கள். கொடுவாவுக்கு நான் அதிகம் போடுவது 7 கிராம் ஜிக் ஹெட்டில் (கனமான தலை வைத்த தூண்டில் முள்) மாட்டிய, வால் ஆட்டும் ரப்பர் மீன், 3 அல்லது 4 அங்குலம். வேருக்கு ஓரமாக விழவிட்டு, நூலைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டு தானாக இறங்கவிட வேண்டும், பிறகு இரண்டு சுற்று, ஒரு சின்னத் தட்டு, திரும்பவும் இறங்கவிடு. எடுக்கிற மீனில் முக்கால்வாசி அது இறங்கும்போதுதான் எடுக்கும். அப்போது கையில் வருவது ஒரு லேசான தட்டல், சில நேரம் அதுகூட இல்லை, நூல் திடீரென்று கனம் இழக்கும், அவ்வளவுதான். உருளை இறுகி நூல் அதில் உரசிக்கொண்டு வந்தால் கைக்கு வருவதெல்லாம் அந்த உரசல்தான், மீனின் தட்டல் அதற்குள் காணாமல் போகும். அதோடு நூல் முறுக்கேறும், பிரெயிட் ஸ்பூலில் தளர்வாக உட்காரும், அடுத்த வீச்சில் பாதி நூல் ஒரே முடிச்சாகக் கிளம்பும். வற்றுப்பெருக்கு மாறுகிற நல்ல ஒரு மணித்தியாலத்தை முடிச்சு அவிழ்ப்பதில் கழிக்க வேண்டியிருந்தது எனக்கு. அதை மறக்க முடியாது.

விரால் வேறு கதை. ஆகாயத்தாமரை மூடிய வாய்க்காலில் உள்ளே வெற்றிடமுள்ள ரப்பர்த் தவளையை மேலாக இழுத்து வருவது, அமெரிக்கர்கள் பாஸுக்காகக் களைக்குள் பாவிக்கிற அதே வேலைதான், முள் இரண்டும் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் எதிலும் மாட்டாது. இலைகளுக்கு நடுவே திறந்திருக்கும் சின்ன இடைவெளி வந்ததும் நிறுத்துங்கள். தண்ணீர் வெடித்தவுடன் இழுக்க வேண்டாம், தவளை வாய்க்குள் போய்க் கனம் தெரியும்வரை பொறுத்து, பிறகு பலமாக இழுங்கள். சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போவது தெரிந்தால் அந்த இடத்தில் போடவே கூடாது, தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும், கோபத்தில் எதையும் அடிக்கும், அவற்றை எடுத்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. கொடுவாவிலும் பெரியதை விட்டுவிடுவேன். அது சின்னதில் ஆணாக இருந்து வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன், பெரியதெல்லாம் முட்டை போடுகிறவை.

இந்தத் தடவை திருத்திய இடத்தை நம்பாமல், அதே அளவில் செராமிக் குண்டு போட்ட பேரிங் ஒன்றை வெளியிலிருந்து எடுப்பித்து நானே மாற்றினேன். வேலை கஷ்டமில்லை: ஒரே ஒரு ஸ்குரூ, திருப்புளி சரியான அளவாக இருக்க வேண்டும், கழற்றும் முன் கீழே வெள்ளைத் துணி விரியுங்கள், அந்த வாஷர்கள் விழுந்தால் தேடிப் பிடிக்க முடியாது, எந்த வரிசையில் வந்ததென்று ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் வேண்டாம், மெல்லிய எண்ணெய் இரண்டு துளி போதும். கழுவும்போது ட்ராக்கை இறுக்கிவிட்டு மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், குழாயை அழுத்திப் பீய்ச்சினால் உப்பு இன்னும் உள்ளேதான் போகும். இப்போது சத்தமே இல்லை. புதிதாக வாங்கிய நாளைவிட நன்றாகச் சுற்றுகிறது என்றே சொல்வேன்.

அப்படியிருந்தும் மச்சானுக்கு நான் சொன்னது "எடுக்காதே" என்றுதான். என்னுடையதை யார் கேட்டாலும் விற்க மாட்டேன், அந்த ட்ராக்குக்காகவே வைத்திருப்பேன். ஆனால் கடையில் காசு கொடுத்து வாங்குகிறவன் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதைக் கழற்றி வேறு பேரிங் போட வேண்டும் என்றால் அந்தக் காசு எதற்கு? விலை குறைந்திருக்கிறதே என்கிறான். குறைந்த விலையோடு பேரிங்கின் விலையையும் அது வந்து சேரும்வரை போகும் மாதங்களையும் கூட்டிப் பார்க்கட்டும். உப்பு நீருக்கென்றே உருளையை மூடிச் செய்த ரீல் ஒன்றை, ஒரு அளவு சின்னதாக இருந்தாலும், எடுக்கலாம். மிச்சக் காசுக்கு நல்ல லீடர் ஒரு சுருளும், கடின லூர்களில் வரும் துருப்பிடிக்கிற மும்முள்ளுக்குப் பதிலாகப் போட ஒற்றை முள் ஒரு பெட்டியும் வாங்கலாம். நேற்று இரவு அழைத்துப் பார்த்தேன், முற்பணம் கொடுத்துவிட்டானாம். சரி மச்சான், ரீலை எடுத்ததும் பாணந்துறைப் பக்கம் போகாமல் நேரே வெள்ளவத்தைக்கு வா, என்னிடம் அந்தச் செராமிக் பேரிங் இன்னும் ஒன்று இருக்கிறது.