‘ஜீரோ செய்து தருகிறோம்’ என்று வாங்கிய காசு: டெல்லித் தமிழ்ப் பெற்றோர் கவனத்துக்கு

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினார். அதிலிருந்து என் மகளுக்கும் துப்பாக்கி சுடுதலில் பைத்தியம். ஒரு பழைய ரைஃபிள் கிடைத்தது. குறி பார்க்கக் கண்ணை வைக்கும் சிறு துளையுள்ள பின்பக்க பீப் சைட் மட்டும் இல்லை. பழைய டெல்லிப் பக்கம் ஒரு கடையில் சைட்டை வாங்கி, அங்கேயே பொருத்தி ஜீரோ செய்ய, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைச் சரிசெய்ய, கொடுத்தோம். சைட் விலை போக, அந்த வேலைக்குத் தனியாக 2,500 ரூபாய். “உங்கள் ரைஃபிள் சுட்டதுதான், பாருங்கள்” என்று ஒரு டார்கெட் அட்டையும் கொடுத்தார்கள். நடுவில் நெருக்கமாகத் துளைகள், ஒன்று மட்டும் சற்றுத் தள்ளி.

சுட்டுப் பயிற்சி செய்யும் ரேஞ்சில் கதையே வேறு. ஒரு நாள் எல்லாம் இடப்பக்கம் விழும், மறுநாள் கீழே போகும். இந்த ஆட்டத்தில் டார்கெட்டின் நடுவே பத்து மதிப்பெண் தரும் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர் அகலம், 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டை (ஏர் ரைஃபிள் குண்டை) அதன் மேல் வைத்தால் புள்ளியே தெரியாது. இதில் சைட் மயிரிழை நகர்ந்தாலும் போச்சு. பிள்ளை தன் மூச்சு சரியில்லை, டிரிகரை இழுக்கத் தெரியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். காசு போனதைவிட எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

கோச் கடைசியில் சைட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். இறுக்கும் திருகு இரண்டில் ஒன்றின் தலை வழுவழுவென்று தேய்ந்திருந்தது, அளவு சேராத ஆலன் கீயைப் போட்டுத் திருகியிருக்கிறார்கள். சைட்டுக்கும், அது உட்காரும் ரைஃபிளின் மேல் பள்ளத்துக்கும் (ரெயில்) நடுவில் குளிர்பான டப்பாவில் வெட்டிய தகரத் துண்டு, மடித்துச் செருகியபடி. சைட்டை மேலே-கீழே நகர்த்தும் குமிழ் கடைசி வரை திருகி முட்டி நின்றது. உயரம் பத்தாமல் போகவே தகரத்தால் தூக்கிவிட்டிருக்கிறார்கள்.

அப்புறம் அந்த அட்டை. தள்ளியிருந்த துளையில் மகளின் பெல்லட்டை வைத்தார், தடையில்லாமல் மறுபக்கம் விழுந்தது. ஓரமும் கிழிந்திருந்தது. போட்டிக்குச் சுடும் தட்டைமூக்கு பெல்லட் காகிதத்தைப் பஞ்ச் செய்த மாதிரி வட்டமாக வெட்டும். அது 5.5 மில்லிமீட்டர் துப்பாக்கி ஏதோ போட்ட துளை. எங்கள் ரைஃபிளை அவர்கள் ஒரு தடவைகூடச் சுடவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

உண்மையிலேயே சுட்டிருந்தாலும் அது பாதி வேலைதான். கன்னம் வைக்கும் இடமும் கண்ணும் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் சுடுகிறவரே ஜீரோ செய்ய வேண்டும். கடையில் பார்க்க வேண்டியது வேறு: சைட் சாயாமல் உட்கார்ந்திருக்கிறதா, திருகுகள் இறுகுகின்றனவா, குமிழ் இரண்டு பக்கமும் ஓரளவு சமமாகத் திரும்ப இடம் இருக்கிறதா. திருகு இறுகியதும் அதன் தலையிலிருந்து சைட் உடல்வரை மார்க்கரால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். ரேஞ்சில் முதலில் ஐந்து பெல்லட் சுட்டு, அவை ஓரிடத்தில் சேர்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் குமிழைத் தொட வேண்டும். இடப்பக்கம் சேர்ந்தால் பின்சைட் வலப்பக்கம் போக வேண்டும். கீழே சேர்ந்தால் மேலே.

கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, “குழந்தை கை நடுங்குகிறது, ஜி” என்றார். தகரத்தைக் காட்டியும் அதே பதில். பணம் தரவில்லை. பில், அட்டை, கழற்றும்போது எடுத்த படங்கள் எல்லாவற்றோடும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது, தேவைப்பட்டால் அங்கும் போவேன். இதே போல அட்டை கொடுத்து யாரிடமாவது காசு வாங்கியிருந்தால், சைட்டில் கை வைக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.